கல்பாசி மசாலாவா, மருந்தா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டுக் குழம்புக்கும் பிரியாணிக்கும் வாசனை தரும் கல்பாசி இப்போது பொடியாகவும் கேப்சூலாகவும் விற்பனைக்கு வருகிறது. சிறுநீரகக் கல்லைக் கரைக்கும், கொழுப்பை எரிக்கும், கிருமியைக் கொல்லும் என்று அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள். இவற்றில் சிலவற்றுக்கு அடிப்படை உண்டு, சிலவற்றுக்கு இல்லை. ஒன்று மட்டும் ஆளையே கொல்லக்கூடியது.

கல்பாசி உண்மையில் என்ன? செடியா, பாசியா, காளானா?

அது லைக்கன். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பூஞ்சை உடம்பைக் கட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. உள்ளே இருக்கும் பாசி வெயிலைக் கொண்டு சர்க்கரை செய்து தருகிறது. இப்படி இரண்டு உயிர் சேர்ந்ததுதான் லைக்கன் என்று 1860-களின் இறுதியில் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஸ்வெண்டனர் சொன்னபோது, அன்றைய லைக்கன் அறிஞர்கள் அவரைக் கேலி செய்தார்கள். 2016-ல் வந்த ஆய்வு, பல லைக்கன்களின் மேல்தோலில் மூன்றாவதாக ஓர் ஈஸ்ட்டும் குடியிருக்கிறது என்று காட்டியது.

வேர் கிடையாது, பூ கிடையாது, விதையும் கிடையாது. பெயரில் கல் இருந்தாலும் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி மரப்பட்டையிலிருந்து உரித்தது. இமயமலைச் சரிவுகளில் ஓக் மரங்களில் இருந்தும், தெற்கே நீலகிரி, பழனிமலை போன்ற உயரமான குளிர்ந்த இடங்களில் இருந்தும் சேகரிக்கிறார்கள். இந்தியில் சரிலா, பத்தர் பூல், மராத்தியில் தகட் பூல், ஆயுர்வேதத்தில் சைலேயம். மகாராஷ்டிரத்து கோடா மசாலாவிலும் கன்னோஜ் நகரத்து ஷமாமா அத்தரிலும் இருப்பது இதே சரக்குதான்.

கடையில் கடல்பாசி என்று கேட்டு வாங்கினேன். அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. கடல்பாசி என்பது கடலில் வளரும் சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர். நோன்பு நாளில் பாலில் காய்ச்சி ஜெல்லியாக உறைய வைப்பார்களே, அது. கல்பாசி காய்ந்த கருஞ்சாம்பல் சருகு மாதிரி இருக்கும், உறையவே உறையாது. சில மளிகைக் கடைகளிலும் சில சமையல் குறிப்புகளிலும் பெயரை மாற்றிப் போட்டு விடுகிறார்கள். சமையலில் மாறினால் குழம்பு கெடும், அவ்வளவுதான். மருந்தாகச் சாப்பிடப் போகிறவர் பெயரை நம்பாமல் பொருளைப் பார்த்து வாங்க வேண்டும்.

ஒரு பொட்டலத்தில் இருப்பது ஒரே வகைதானா?

பெரும்பாலும் இல்லை. மருத்துவக் குணம் பற்றிய எல்லாக் கேள்விக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

புத்தகங்களில் கல்பாசிக்குப் போடப்படும் அறிவியல் பெயர் பார்மோட்ரீமா பெர்லேட்டம்; பழைய பெயர் பார்மீலியா பெர்லேட்டா. ஆனால் மொத்த வியாபாரத்தில் சாக்கு சாக்காக வருவது கலவை. எவர்னியாஸ்ட்ரம் இனத்தின் நாடா போன்ற கிளைகள், நீலகிரியின் பெயரையே தாங்கிய பார்மோட்ரீமா நீல்கெரென்ஸ், அதன் பங்காளியான டிங்டோரம், இடையிடையே தாடி மயிர் போன்ற உஸ்னியா, கூடவே மரப்பட்டைத் துணுக்கு, மண், பூச்சி. மரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வளர்வதைக் கையால் உரித்து எடுக்கும்போது யாரும் உருப்பெருக்கி வைத்துப் பிரிப்பதில்லை.

சமையலுக்கு இது பெரிய குறை அல்ல. மருந்து என்று வரும்போது கதை வேறு, ஏனென்றால் ஒவ்வொரு லைக்கனும் தனக்கென்று தனி அமிலங்களைச் செய்கிறது. ஒன்றில் ஸ்டிக்டிக் அமிலம், இன்னொன்றில் லெக்கனோரிக் அமிலம், மற்றொன்றில் சலாஸினிக் அமிலம். உஸ்னியாவில் உஸ்னிக் அமிலம். பார்மீலியா பெர்லேட்டாவை வைத்துச் செய்த ஆய்வின் முடிவை, நீங்கள் வாங்கிய பொட்டலத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. இந்தியாவில் மட்டும் 2,500-க்கும் மேற்பட்ட லைக்கன் வகைகள் பதிவாகியுள்ளன. அவற்றைக் கண்ணால் பார்த்துப் பிரிப்பது நிபுணர்களுக்கே சிரமம். ஒரு துளி ரசாயனம் விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்துத்தான் அவர்கள் உறுதி செய்கிறார்கள்.

நாட்டு மருத்துவத்தில் இதை எதற்கெல்லாம் கொடுத்தார்கள்?

கைப்பும் துவர்ப்பும் உள்ளது, குளிர்ச்சி தருவது என்று ஆயுர்வேதம் சைலேயத்தை வகைப்படுத்துகிறது. நீர்க்கடுப்பு, கல்லடைப்பு, அரிப்பு, தலைவலி, இரத்தப்போக்கு ஆகியவற்றுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சிறுநீர் சரியாகப் பிரியாதபோது இதை அரைத்துச் சூடாக்கி இடுப்பிலும் அடிவயிற்றிலும் பற்றுப் போடும் வழக்கமும், தலைவலிக்கு நெற்றியில் பூசும் வழக்கமும் உண்டு. யுனானியில் உஷ்னா என்ற பெயரில் வருகிறது. தைலங்களிலும் தூபப் பொடிகளிலும் வாசனைக்காகச் சேர்ப்பார்கள்.

பழைய வைத்தியர்கள் கொடுத்த முறையைக் கவனித்தால், இதைத் தனியாகக் கரண்டி கரண்டியாகத் தின்னக் கொடுக்கவில்லை. வெளிப்பூச்சாகவோ, பல சரக்குகளோடு ஒரு சரக்காகவோதான் வருகிறது. தினமும் வெறும் வயிற்றில் ஒரு டீஸ்பூன் என்பதெல்லாம் யூடியூப் கண்டுபிடித்த மரபு.

சிறுநீரகக் கல்லைக் கரைக்குமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கல்லின்மேல் வளர்வது கல்லை உடைக்கும் என்ற எண்ணம் உலகெங்கும் இருந்தது. உருவத்தைப் பார்த்து மருந்து சொல்வது பழங்கால மருத்துவத்தின் பொதுப் பழக்கம். நுரையீரல் போலக் குழிகுழியாக இருக்கும் ஒரு லைக்கனை ஐரோப்பாவில் நுரையீரல் நோய்க்குக் கொடுத்தார்கள். நாயின் பல் போன்ற உறுப்புள்ள இன்னொரு லைக்கனை மிளகோடு சேர்த்துப் பொடித்து வெறிநாய்க்கடிக்குக் கொடுத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் லண்டனின் அதிகாரபூர்வ மருந்து நூலிலேயே அது இடம்பெற்றிருந்தது. வெறிநாய்க்கடிக்கு அதனால் ஒருவரும் பிழைத்திருக்க முடியாது. வெறியில்லாத நாய் கடித்தவர்கள் பிழைத்தார்கள், பேர் மருந்துக்குப் போனது.

கல்பாசிக்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் படிகம் வளர்வதைத் தடுக்கிறது என்றும், எலிகளில் கல் உருவாவதைக் குறைக்கிறது என்றும் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. மனிதர்களுக்குக் கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டு, ஸ்கேன் எடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு இல்லை.

அப்படியானால் பலன் கண்டதாகச் சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும். நிறைய தண்ணீர் குடித்தால் இன்னும் எளிது. கல்பாசிக் கஷாயம் குடிக்கிறவர் கூடவே தினமும் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரும், வாழைத்தண்டுச் சாறும் குடிக்கிறார். கல் வெளியே வந்ததும் கஷாயத்தைக் கும்பிடுகிறார்.

பெரும்பாலான சிறுநீரகக் கற்கள் கால்சியம் ஆக்ஸலேட்டால் ஆனவை. அவற்றைக் கரைக்கும் மாத்திரை நவீன மருத்துவத்திலும் கிடையாது. யூரிக் அமிலக் கற்களைத்தான் சிறுநீரின் காரத்தன்மையைக் கூட்டிக் கரைக்க முடிகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. லைக்கன்கள் பாறையை மெல்ல அரிப்பது உண்மைதான். அதற்கு அவை பயன்படுத்தும் பொருள்களில் ஒன்று ஆக்ஸாலிக் அமிலம். அதன் விளைவாகப் பல லைக்கன்களின் உடலில் கால்சியம் ஆக்ஸலேட் படிந்து கிடக்கிறது. நம் சிறுநீரகத்தில் கல்லாகிற அதே பொருள்! கல்லைக் கரைக்கும் என்று இதைக் கிலோ கணக்கில் வாங்குகிறவர் இதையும் யோசித்துப் பார்க்கட்டும்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. கல்லடைப்பு மாத்திரைகளின் அட்டையில் சிலாபுஷ்பம், அதாவது கல்பூ, என்று இருந்தால் அது கல்பாசி என்று நினைத்துவிடுகிறார்கள். டிடிமோகார்பஸ் என்ற பூக்கும் சிறு செடிக்கும் அதே பெயர் உண்டு. மாத்திரைகளில் சேர்வது பெரும்பாலும் அந்தச் செடிதான்.

கல் இருக்கிறது என்று தெரிந்தவருக்குக் காய்ச்சலோடு விலா வலி வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ எந்தக் கஷாயமும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடைப்புக்கு மேலே கிருமித்தொற்று சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும்.

கிருமிகளைக் கொல்லும் என்பது உண்மையா?

இதில் விஷயம் இருக்கிறது. உஸ்னிக் அமிலத்தை முதன்முதலில் 1844-ல் பிரித்தெடுத்தார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமிகளின் வளர்ச்சியை அது தடுக்கிறது. காசநோய்க் கிருமிக்கு எதிராகவும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தது. பெனிசிலினுக்குப் பிந்திய ஆண்டுகளில் புதிய ஆன்டிபயாட்டிக் தேடிய விஞ்ஞானிகள் இதைத் தீவிரமாகப் பார்த்தார்கள். சோவியத் நாட்டில் இதன் சோடியம் உப்பைக் காயங்களுக்கும் தீப்புண்ணுக்கும் மேலே போட்டார்கள். ஐரோப்பாவில் களிம்புகளிலும் உடல் நாற்றம் போக்கும் பொருள்களிலும் சேர்ந்தது.

ஆனால் எல்லாம் மேல்பூச்சு. உள்ளே கொடுக்கும் மருந்தாக இது தேறவே இல்லை. குடுவையில் கிருமியைக் கொல்ல எவ்வளவு தேவையோ அந்த அளவு இரத்தத்தில் ஏறினால் கல்லீரல் தாங்காது. காரணம் அடுத்த கேள்வியில் வருகிறது.

நினைவில் வைக்க இன்னொன்று: பார்மோட்ரீமா பெர்லேட்டத்தில் உஸ்னிக் அமிலம் முக்கியப் பொருளே அல்ல. உஸ்னியாவின் புகழைக் கல்பாசிப் பொட்டலத்தின் மேல் ஒட்டுவது வியாபாரம்.

எடை குறைய லைக்கன் கேப்சூல் சாப்பிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் தயக்கமே இல்லாமல் சொல்லக்கூடிய பதில் இதுதான்.

நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா, சாப்பாட்டை எரித்து வரும் ஆற்றலைச் சேமித்து வைக்கிறது. உஸ்னிக் அமிலம் அந்தச் சேமிப்பை அறுத்துவிடுகிறது. எரிவது எரிந்துகொண்டே இருக்கும், ஆற்றல் சேராமல் சூடாக வீணாகும். 1930-களில் அமெரிக்காவில் எடைக்குறைப்பு மருந்தாக விற்று, பலருடைய கண்ணையும் உயிரையும் பறித்துத் தடை செய்யப்பட்ட டைநைட்ரோபீனால் வேலை செய்ததும் இதே வழியில்தான். எடை குறைவது உண்மை. கல்லீரல் செல்களும் பட்டினி கிடந்து சாவது அதைவிட உண்மை.

அமெரிக்காவில் லிப்போகினெட்டிக்ஸ் என்ற பெயரில் ஒரு கேப்சூல் விற்றது. சோடியம் உஸ்னியேட், கஃபீன், யோஹிம்பின், தைராய்டு சார்ந்த ஒரு பொருள், இன்னும் ஒரு தூண்டி எல்லாம் சேர்ந்த கலவை. சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வரத் தொடங்கியதும், 2001 நவம்பரில் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் உடனே நிறுத்தச் சொல்லி எச்சரித்தது. அடுத்த ஆண்டு மருத்துவர்கள் 7 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் மூன்று மாதத்துக்குள் பாதிப்பு வந்திருந்தது.

அதில் பல பொருள் கலந்திருந்ததே, உஸ்னிக் அமிலத்தை மட்டும் ஏன் குற்றம் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். 2004-ல் வெளியான இன்னொரு நோயாளியின் விவரம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. 28 வயதுப் பெண், கலப்பில்லாத உஸ்னிக் அமிலத்தை நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் வீதம் இரண்டு வாரம் எடுத்தார். கல்லீரல் முற்றாகச் செயலிழந்து, மாற்றுக் கல்லீரல் பொருத்த வேண்டிவந்தது.

இன்றும் இணையக் கடைகளில் உஸ்னியா, உஸ்னிக் அமிலம் என்ற பெயர்களில் கேப்சூல்கள் கிடைக்கின்றன. இயற்கை மூலிகை என்ற சொல் அட்டையில் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ, அவ்வளவு நிதானமாக உள்ளடக்கப் பட்டியலைப் படியுங்கள்.

பயமாக இருக்கிறதே! அப்படியானால் குழம்பில் போடுவதையும் நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு பேருக்கு வைக்கும் குழம்பில் ஓரிரண்டு இதழ் போடுவோம். ஒரு கிராம் கூட வராது. ஆளுக்குக் கால் கிராம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கால் கிராமும் முழுக்க உஸ்னியாவாகவே இருந்து, அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு உஸ்னிக் அமிலம் இருந்தாலும் 5 மில்லிகிராம்தான் வரும். மேலே சொன்ன பெண் தினமும் எடுத்ததில் நூறில் ஒரு பங்கு. நடைமுறையில் பொட்டலத்தில் உஸ்னியா சிறு பகுதியாகத்தான் இருக்கும், பாதி இதழை இலையோரம் ஒதுக்கியும் வைத்துவிடுவோம்.

தலைமுறைகளாகச் செட்டிநாட்டிலும் ஐதராபாத்திலும் மராட்டியத்திலும் சமையலில் போட்டுச் சாப்பிட்டு வந்த அளவு இது. எண்ணெய் காய்ந்ததும் முதலில் இதைப் போட்டுப் பொரித்தால்தான் அந்த மண்வாசனை இறங்கும். அதிகம் போட்டால் கைக்கும். அளவு மீறாமல் இருக்க நாக்கே காவல் நிற்கிறது. கேப்சூலுக்கு அந்தக் காவல் கிடையாது.

கஷாயம், பொடி, டிங்க்சர் இவற்றில் எது பாதுகாப்பு?

லைக்கன் அமிலங்கள் பலவும் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. ஆல்கஹாலிலும் வேறு கரைப்பான்களிலும் கரையும். அதனால் வெந்நீரில் போட்டு வடிகட்டியதில் குறைவாகவே இறங்கும். ஆல்கஹாலில் ஊறவைத்து எடுக்கும் டிங்க்சரில் செறிவாக இறங்கும். பொடியை அப்படியே விழுங்கினால் உள்ளதெல்லாம் வயிற்றுக்குள் போகும். பிரித்தெடுத்த சாரத்தை அடைத்த கேப்சூல் எல்லாவற்றிலும் மோசம்.

தகுதி பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவர் ஒரு கூட்டு மருந்தில் இதைச் சேர்த்துக் கொடுத்தால் அது வேறு விஷயம். எவ்வளவு, எத்தனை நாள் என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாமாகவே பொடி செய்து மாதக்கணக்கில் எடுப்பது வேண்டாம்.

கொடைக்கானல், ஊட்டி போகும்போது மரத்தில் நிறைய பார்க்கிறோம். பறித்து வரலாமா?

காப்புக்காட்டில் பறிப்பது சட்டப்படி குற்றம். சிறுவன மகசூல் சேகரிக்கும் உரிமை மலைவாழ் மக்களுக்கு உண்டு, சுற்றுலா போகிறவர்களுக்கு இல்லை. லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். கைப்பிடி அளவு மீண்டும் வரப் பல ஆண்டுகள் ஆகும்.

பாதுகாப்புக் காரணம் இன்னும் பெரிது. எல்லா லைக்கனும் தின்னத்தக்கது அல்ல. ஸ்காண்டிநேவிய நாடுகளில் மஞ்சள் நிற ஓநாய் லைக்கனை இறைச்சியில் கலந்து வைத்து ஓநாயையும் நரியையும் கொன்றார்கள். அதில் உள்ள வல்பினிக் அமிலம்தான் நஞ்சு. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 2004 குளிர்காலத்தில் 300-க்கும் மேற்பட்ட எல்க் மான்கள் தசை சிதைந்து எழ முடியாமல் விழுந்து செத்தன. தரையில் கிடக்கும் ஒரு பார்மீலியா வகை லைக்கனை அவை மேய்ந்திருந்தன. அந்த இனம் நம் கல்பாசிக்கு ஒன்றுவிட்ட உறவு.

ஆர்க்டிக் பயணிகள் பசி தாங்காமல் பாறை லைக்கனைச் சுரண்டி வேகவைத்துத் தின்ற கதை உண்டு. ஜான் ஃபிராங்க்ளினின் 1819 முதல் 1822 வரையிலான பயணக்குழு அப்படித்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது, வயிற்றுக் கோளாறால் அவதிப்பட்டும் கிடந்தது. லைக்கனை முறையாகச் சாப்பிடும் ஊர்களில் சாம்பல் நீரிலோ சோடா உப்பு கலந்த நீரிலோ ஊறவைத்து, கசப்பு அமிலத்தை நீக்கிவிட்டுத்தான் சமைப்பார்கள்.

இதில் ஈயம், காட்மியம் இருக்குமாமே?

இருக்கலாம். லைக்கனுக்கு வேர் இல்லை என்பதால் அதற்கு வேண்டிய எல்லாம் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும்தான். இலைகளுக்கு இருப்பது போன்ற மெழுகுத்தோலும் இல்லை. காற்றில் வருவது எதுவானாலும் உறிஞ்சி, பல ஆண்டுகள் தேக்கி வைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு நகரத்தின் காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறிய விஞ்ஞானிகள் லைக்கனைச் சோதிக்கிறார்கள். 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது ஸ்காண்டிநேவியாவில் கதிர்வீச்சுள்ள சீசியம் லைக்கனில் சேர்ந்து, அதை மேய்ந்த பனிமான்களின் இறைச்சிக்குள் ஏறியது. அந்த மான்களை நம்பி வாழும் சாமி என்ற பழங்குடி மக்களின் பிழைப்பே ஆட்டம் கண்டது.

சாலையோர மரம், சுரங்கம், தொழிற்சாலை அருகில் எடுத்த கல்பாசி எந்த உபயோகத்துக்கும் ஆகாது. எங்கே எடுத்தது என்று பொட்டலத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அரைக் கிராமில் இது பெரிதல்ல. தினம் ஐந்து கிராம் என்று மாதக்கணக்கில் போகும்போது சேரும்.

முகத்துக்கும் தலைக்கும் பூசலாமா?

சிலருக்கு ஒவ்வாமை வரும். லைக்கன் படிந்த மரங்களை வெட்டும் தொழிலாளர்களுக்குக் கையிலும் முகத்திலும் தோல் அழற்சி வருவது நெடுங்காலமாகத் தெரிந்த சங்கதி. வாசனைத் திரவியத் தொழிலில் பயன்படும் ஓக் பாசி என்பதும் ஒரு லைக்கன்தான். அதில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் ஆகியவை கடும் ஒவ்வாமை தருவதால், ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் அவற்றை அழகுசாதனப் பொருள்களில் தடைசெய்து, 2021 ஆகஸ்டுக்குள் கடைகளிலிருந்து முழுதும் விலக வேண்டும் என்று விதித்தது. கல்பாசியிலும் அட்ரனோரின் என்ற நெருங்கிய பொருள் இருக்கிறது.

ஆசைப்பட்டால் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் பூசி இரண்டு நாள் பாருங்கள். சிவந்தால் விட்டுவிடுங்கள். வாசனைத் திரவியம் ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்தச் சோதனையும் செய்ய வேண்டாம். திறந்த புண்ணில் வீட்டில் அரைத்த விழுதைப் போடாதீர்கள். கிருமியைக் கொல்லும் லைக்கனோடு மண்ணும் பூஞ்சை வித்தும் சேர்ந்தே வரும்.

தொண்டைக்கு நல்லது என்று வெளிநாட்டிலிருந்து ஐஸ்லாந்து பாசி மிட்டாய் அனுப்பினார்கள். அதுவும் இதுதானா?

அதுவும் லைக்கன், ஆனால் வேறு வகை. செட்ரேரியா இஸ்லாண்டிகா என்று பெயர். ஐஸ்லாந்தில் பஞ்ச காலத்தில் மாவோடு சேர்த்தார்கள், பாலில் காய்ச்சியும் குடித்தார்கள். வேகவைத்தால் வழவழப்பான கூழாகும். அந்த வழவழப்பு தொண்டையில் படிந்து வறட்டு இருமலுக்கு இதம் தருகிறது. ஐரோப்பிய மருந்து முகமை இதைத் தொண்டை எரிச்சலுக்கும் பசியின்மைக்கும் மரபுவழி மூலிகை மருந்தாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. நீண்டகாலப் பயன்பாட்டின் அடிப்படையில் தந்த அங்கீகாரம் அது, நவீன ஆய்வில் நிரூபித்தது என்று பொருள் இல்லை. ஓரிரு வாரம் சப்பலாம். கல்பாசியை வேகவைத்தால் அதே பலன் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

யாரெல்லாம் மருந்து அளவில் தொடவே கூடாது?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள். கல்லீரல் கொழுப்பு, மஞ்சள்காமாலை, ஹெபடைடிஸ் வந்தவர்கள். தினமும் மது குடிப்பவர்கள். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள்.

காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலுக்குச் சுமை. லைக்கன் காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்று எங்கோ படித்துவிட்டு அதையும் சேர்த்து எடுப்பது, ஏற்கெனவே பாரம் ஏறிய கல்லீரலின் மேல் இன்னும் ஏற்றுவது. வலிப்பு மருந்து, மெத்தோட்ரெக்சேட், அடிக்கடி பாராசிட்டமால் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

இவர்கள் எல்லோரும் விருந்தில் பிரியாணி சாப்பிடலாம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஏற்கெனவே சில வாரமாகச் சாப்பிட்டுவிட்டேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் நிறுத்துங்கள். காரணமில்லாத அசதி, குமட்டல், பசி போய்விடுதல், வலது விலாவுக்குக் கீழே வலி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, உடம்பு அரிப்பு. இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கல்லீரல் பரிசோதனை ஓர் எளிய இரத்தச் சோதனைதான். சாப்பிட்ட டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். நாட்டு மருந்துதானே, சொன்னால் திட்டுவார்கள் என்று மறைப்பதால் காரணம் தெரியாமல் பொன்னான நாள்கள் போய்விடுகின்றன.

நம் ஊரில் இன்னொரு பழக்கம், கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு ஒரு வாரம் பார்ப்பது. வைரஸால் வரும் சாதாரணக் காமாலை தானாகவே இறங்குவதால் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. மருந்தாலோ கேப்சூலாலோ கல்லீரல் சிதைந்து வரும் காமாலையில் அந்த ஒரு வாரம்தான் உயிர். பேச்சு குழறினாலோ, பகலெல்லாம் தூக்கம் அழுத்தினாலோ, ஈறில் இரத்தம் கசிந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சமையலுக்கு நல்ல கல்பாசியை எப்படிப் பார்த்து வாங்குவது?

ஒரு பக்கம் சாம்பல், மறுபக்கம் கறுப்பு என்று அகலமான இதழ்களாக இருப்பதை எடுங்கள். நூல் நூலாகத் தாடி போலிருப்பதை ஒதுக்குங்கள். சந்தேகம் வந்தால் அந்த நூலை நனைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். மேல்தோல் விரிசல் விட்டு உள்ளே ரப்பர் போல நீளும் வெள்ளை நரம்பு தெரிந்தால் அது உஸ்னியா. பட்டைத்துண்டு, மண் அதிகம் உள்ளது, முகர்ந்தால் பூஞ்சண நெடி அடிப்பது, வெளிர்மஞ்சளாகவோ பளிச்சென்ற பச்சையாகவோ இருப்பது வேண்டாம்.

பொடியாக வாங்காதீர்கள். பொடித்துவிட்டால் எது கலந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்ததும் உதறி, தண்ணீரில் ஒரு முறை அலசி, நிழலில் நன்றாக உலர்த்திக் காற்றுப் புகாத பாட்டிலில் வையுங்கள். ஈரம் பட்டால் இது விறைப்பு விட்டு மீண்டும் பச்சை தட்டும். அப்படித் தட்டினால் மறுபடி வெயில் காட்டி எடுத்து வைக்கலாம். வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தால் மட்டும் முழுவதையும் குப்பையில் போட்டுவிடுங்கள். 50 கிராம் வாங்கினாலே ஒரு குடும்பத்துக்கு வருடக்கணக்கில் வரும்.